லீவர் ரைஃபிளில் ஈயக் குண்டு: பேரலில் ஈயம் ஒட்டாமல் சுடுவது எப்படி?

குடியாத்தத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம். வேலைக்காக டெக்சாஸ் வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறேன். இந்தப் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். நண்பர் ஒருவரின் சோள வயலை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டன. அதற்காகத்தான் பழைய லீவர் ரைஃபிள் ஒன்று வாங்கினேன். மார்லின் 1894, .44 மேக்னம், 1970-களில் செய்தது. பேரலுக்குள் ஆழமில்லாத பன்னிரண்டு பள்ளங்கள், மைக்ரோ குரூவ் என்கிறார்கள்.

செம்பு உறை போட்ட குண்டு என்றால் குறி அருமையாக இருக்கிறது. ஆனால் அடிக்கடி பழகுவதற்கு அந்த விலை கட்டுப்படி ஆகவில்லை. காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவை நானே நிரப்புகிறவன் என்பதால், வார்த்த ஈயக் குண்டு ஒரு பெட்டி வாங்கினேன். விட்டம் .430 அங்குலம் என்று போட்டிருந்தது. முதல் சில குண்டுகள் சரியாகப் போயின. அப்புறம் குறி சிதற ஆரம்பித்தது. பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பள்ளங்களில் சாம்பல் நிறக் கோடுகள். துணி விட்டு இழுத்தால் வெள்ளித் தகடு மாதிரிச் சிம்பு சிம்பாக வருகிறது.

இங்கே சுடப் பழகுகிற ரேஞ்சில் எல்லோரும் சொல்வது ஒன்றே: "குண்டு மென்மையாக இருக்கிறது, இன்னும் கெட்டியானதை வாங்கு." வாங்கினேன். முன்பைவிட மோசம். மைக்ரோ குரூவ் பேரலுக்கு ஈயமே ஆகாது என்று சிலர் கைவிரித்துவிட்டார்கள். டயர் கடையில் பழைய வீல் வெயிட் (சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டுகிற எடைக் கட்டி) தருகிறார்கள், அதை உருக்கி நானே வார்க்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன்னால், இந்த ஒட்டல் ஏன் வருகிறது, எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்மவான்பேட்டை ஆர்மரர்:

தம்பி, நான் ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்தவன். எங்கள் கையில் வந்த .303, 7.62 எல்லாமே உறை போட்ட குண்டு. அதனால் ஈயம் ஒட்டுவதைப் பற்றி அதிகாரமாகப் பேச மாட்டேன். பேரலைப் பற்றி மட்டும் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

செம்பு உறைக் குண்டு சுட்ட பேரலில் செம்பு படிந்திருக்கும். அதன் மேலேயே ஈயக் குண்டைச் சுட்டால் ஈயம் அந்தச் சொரசொரப்பில் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் செம்பு கரைக்கும் திரவம் போட்டு, துணியில் நீலமோ பச்சையோ வராத வரை துடையுங்கள். இரண்டாவது, கம்பியைப் பேரலின் வாய்ப்பக்கமிருந்து, அதாவது குண்டு வெளியேறும் முனையிலிருந்து, விட்டுத் தேய்க்காதீர்கள். வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குறி போயிற்று, அதற்கு மருந்து கிடையாது. உங்கள் மார்லினில் லீவர் திருகைக் கழற்றினால் லீவர் வரும், பிறகு போல்ட் (பேரலின் பின்பக்கத்தை அடைக்கிற பாகம்) பின்னால் உருவிக்கொண்டு வரும், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளுகிற எஜெக்டரையும் எடுத்து வைத்துவிட்டால் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். எல்லா லீவர் ரைஃபிளுக்கும் இந்த வசதி கிடையாது. இருக்கும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கொசப்பேட்டை அச்சுக்கூடம்:

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஈயம் எனக்குப் பிழைப்பாக இருந்தது. வேலூர் கொசப்பேட்டையில் ஆஃப்செட் வந்து விழுங்கும் வரை எழுத்துக் கோத்து அச்சடித்தவன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் ஈய எழுத்து. அப்புறம் மகனோடு ஓக்லஹோமாவில் பல வருடம் க்ரீன் கார்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கொட்டகையில் குண்டு வார்ப்பார். உருகின உலோகத்தின் வாசனையை வைத்தே நான் வேலி தாண்டிப் போய் நின்றேன். அன்றிலிருந்து இந்த வேலையில் எனக்குத் தீராத ஆசை. இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன், அதனால் பேச்சு மட்டும்தான்.

ரேஞ்சில் சொன்னது தவறான திசை. கெட்டித்தன்மையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அளவு. குண்டு பேரலுக்குச் சரியாக அடைக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் ஒட்டுகிறது என்றால், வெடிமருந்து எரிந்ததும் குண்டின் பின்னால் கொதிக்கிற வாயு பெரும் அழுத்தத்தோடு தள்ளுகிறது. குண்டு பள்ளத்தின் அடிவரை நிறைத்திருந்தால் அது தள்ளுவதோடு சரி. ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால், வாயு அதன் வழியாக முன்னால் பாயும். பாயும்போது குண்டின் ஓரத்தை உருக்கி அரித்துத் துளித்துளியாக முன்னே தெளிக்கும். பின்னால் வருகிற குண்டு அந்தத் துளிகளின் மேல் ஏறி, சூட்டோடு பேரலில் தேய்த்துவிட்டுப் போகும். பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கிப் பஞ்சால் ஈயம் பூசுவார்களே, அதே வேலைதான் உங்கள் பேரலுக்குள் நடக்கிறது. அடுத்த குண்டு அந்தப் பூச்சின் மேல் இன்னும் சேர்க்கும். அதனால்தான் முதல் சில குண்டுகள் சரியாகப் போய், அப்புறம் சிதறியது.

கெட்டிக் குண்டு ஏன் இன்னும் மோசமாக்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது. மென்மையான குண்டு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் பக்கவாட்டில் பிதுங்கி இடைவெளியை ஓரளவு அடைத்துவிடும். கெட்டியானது பிதுங்காது. கெட்டித்தன்மையைப் பிரினெல் எண்ணில் சொல்வார்கள், சுத்த ஈயத்துக்கு அது 5. வீல் வெயிட் 10 முதல் 12 வரை. அச்சு வரிகளை வார்க்கிற லினோடைப் உலோகம் 22. எங்கள் தொழிலில் அந்தக் கெட்டித்தன்மை கடவுள் வரம், எழுத்தின் முனை மழுங்காமல் ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டுமே. ஆனால் சின்னதாக இருக்கிற குண்டை அவ்வளவு கெட்டியாகச் செய்து மிதமான மருந்தில் சுட்டால், வாயு சந்தோஷமாக ஓரத்தில் ஓடும். வின்செஸ்டர் 1873 மாதிரியான பழைய லீவர் துப்பாக்கிகள் ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்த மென்மையான குண்டைத்தான் சுட்டன. அவை ஒன்றும் ஈயம் ஒட்டி நின்றுவிடவில்லை.

உங்கள் ரைஃபிளுக்கு ஒரு தனி விஷயம் உண்டு. .44 மேக்னம் முதலில் ரிவால்வர் தோட்டா. ரிவால்வர் பேரலின் பள்ள விட்டம் .429 அங்குலம் சுற்றி இருக்கும். குண்டு விற்பவர்கள் அதை மனதில் வைத்துத்தான் .429, .430 என்று அளவு போட்டு விற்கிறார்கள். ரைஃபிள் பேரல்களோ .431 வரை போகும், சிலது .432 கூட. செம்பு உறைக் குண்டு கெட்டியாக இருந்து சமாளித்துவிடும். ஈயம் சமாளிக்காது. அந்தப் பன்னிரண்டு பள்ளங்கள் ஆழமில்லாதவை, பிடிப்பு குறைவு, அதனால் அளவு இன்னும் முக்கியம். பேரலுக்கு ஈயமே ஆகாது என்பது சரியில்லை. அளவான ஈயம் கொடுத்தால் அது நன்றாகவே சுடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கருமருந்துத் துப்பாக்கிக்கு விற்கிற .440 அளவு சுத்த ஈய உருண்டை ஒன்று வாங்குங்கள். சுத்த ஈயமாகவே இருக்க வேண்டும், கலப்பு வேண்டாம். பேரலைச் சுத்தம் செய்து மெல்லிசாக எண்ணெய் தடவி, போல்டைக் கழற்றி வைத்துவிட்டு, உருண்டையைப் பேரலின் ஒரு முனையில் தட்டி உள்ளே அனுப்பி, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி மறுமுனையில் எடுங்கள். மரக்குச்சி வேண்டாம். சாய்வாகப் பிளந்து பேரலுக்குள் ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிட்டால் எடுப்பது பெரும் பாடு. தள்ளும்போது கை சொல்வதைக் கவனியுங்கள். எங்காவது இறுகி, எங்காவது தளர்ந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். வெளியே வந்த உருண்டையின் மேடுகளை மைக்ரோமீட்டரில் அளங்கள். உங்கள் பேரலில் பள்ளங்கள் இரட்டைப்படை என்பதால் எதிரெதிராக நேராகவே அளக்கலாம்.

வெர்னியர் காலிப்பர் வேண்டாம் தம்பி, மைக்ரோமீட்டர். எங்கள் எழுத்தின் உயரம் .918 அங்குலம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த எழுத்து மட்டும் மங்கலாக விழும், அடியில் டிஷ்யூ ஒட்டித் தூக்குவோம். உங்கள் பிரச்சினையும் அதே ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கிறது. காலிப்பர் அங்கே தடுமாறும்.

இன்னொரு சோதனை, இதைப் பலர் செய்வதில்லை. மருந்தும், அதைப் பற்றவைக்கிற பிரைமரும் இல்லாத வெறும் கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) ஒரு குண்டை வழக்கம்போல் பொருத்தி, கேஸின் வாயை உள்நோக்கி மடக்கிக் கிரிம்ப் போட்டு, அப்புறம் அந்தக் குண்டை உருவி எடுத்து அளங்கள். பெட்டியில் .430 என்று எழுதியிருக்கலாம். கேஸிலிருந்து வெளியே வரும்போது என்ன அளவு என்பதுதான் கணக்கு.

கடைசியாக, பேரலில் ஈயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். தோட்டா அமர்கிற சேம்பர் பக்கமா, நடுவிலா, வாய்ப்பக்கமா? அதை வைத்து மேலே சொல்கிறேன்.

குடியாத்தத்துக்காரன்:

ஐயா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆர்மரர் அண்ணன் சொன்ன செம்பு சமாச்சாரமும் உண்மை, நீலமாக வந்துகொண்டே இருந்தது.

உருண்டை அளவு .4315. கையில் ஒரே சீராகத்தான் வந்தது, வாய்ப்பக்கம் இழை அளவு இறுக்கம். மருந்தில்லாத கேஸில் பொருத்தி உருவின குண்டு .428! பெட்டியில் இருக்கும்போது அதே குண்டு .430. ஈயம் முழுவதும் சேம்பரை ஒட்டி முதல் சில அங்குலத்தில்தான் இருக்கிறது, முன்பக்கம் ஏறக்குறைய சுத்தம்.

ஒட்டியிருப்பதை எப்படி எடுப்பது? வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து பேரலில் ஊற்றினால் கரைந்து வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்.

கொசப்பேட்டை அச்சுக்கூடம்:

அந்தக் கலவையைத் தொடாதீர்கள். ஈயம் கரைந்து லெட் அசிடேட் ஆகும். அது தோலிலும் வயிற்றிலும் போகிற விஷம். பேரல் எஃகையும் அரிக்கும்.

பாத்திரம் தேய்க்கிற சுத்தச் செம்புக் கம்பிச் சுருள் கிடைக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு முலாம் பூசின இரும்பு, வேண்டாம். ஒட்டாததைக் கொஞ்சம் கத்தரித்து, தேய்ந்த பழைய பேரல் பிரஷ்ஷில் சுற்றி, ஊடுருவும் எண்ணெய் ஒன்றை இரவே விட்டு வைத்துவிட்டுக் காலையில் பின்பக்கமிருந்து தள்ளுங்கள். தகடு தகடாக உரிந்து வரும். செம்பு எஃகைக் கீறாது.

உங்கள் அளவுகள் கதையைச் சொல்லிவிட்டன. பள்ளம் .4315, குண்டு .428. சுற்றிலும் வாயுவுக்கு ராஜபாட்டை. சேம்பரை ஒட்டி ஈயம் இருப்பதும் அதையே சொல்கிறது. அளவு குறைந்தால் ஆரம்பத்திலேயே ஒட்டும். வாய்ப்பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால், குண்டில் தடவுகிற மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு அது இல்லை.

குண்டைச் சுருக்கியது உங்கள் கேஸ். செம்பு உறைக் குண்டுக்கான டை செட்டில் (தோட்டா நிரப்பும் கருவிகள்) கேஸின் வாயை விரிக்கிற கம்பி மெல்லிசாக இருக்கும். குண்டை இறுக்கிப் பிடிக்க அப்படிச் செய்கிறார்கள். கெட்டி உறை அதற்கு அசையாது, ஈயம் அசைந்து கொடுத்துவிடும். வார்ப்புக் குண்டுக்கென்றே பருமனான, படி வைத்த விரிப்பான் விற்கிறது, லைமன் எம் டை என்று கேளுங்கள். அதை மாற்றாமல் நீங்கள் எவ்வளவு பெரிய குண்டு வாங்கினாலும் பாதி பலன்தான்.

குண்டின் அளவு .432 முதல் .433. பள்ளத்தைவிட ஆயிரத்தில் அரையிலிருந்து ஒன்றரை வரை கூடுதல். அதற்கு மேல் போகும் முன், பொருத்தின தோட்டா சேம்பருக்குள் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். கேஸின் வாய்ப்பக்கம் சேம்பரில் இறுகி நின்றால் குண்டு விடுபட இடமில்லாமல் அழுத்தம் எகிறும். இங்கே விட்டுக்கொடுக்க முடியாது.

உலோகத்துக்கு வருகிறேன். கிளிப் வைத்த பழைய ஈய வீல் வெயிட் நல்ல சரக்கு. ஈயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனி, துளி ஆர்சனிக். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் குண்டு அச்சின் முனைகளை நன்றாக நிரப்பும். உங்களுக்கு இதுவே போதும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் லைமன் நம்பர் 2 கலவை இருக்கிறது, தொண்ணூறு ஈயம், ஐந்து வெள்ளீயம், ஐந்து ஆன்டிமனி, பிரினெல் 15. வெள்ளீயம் விலை அதிகம், பன்றிக்கு அது தேவையில்லை.

இப்போது வரும் வெயிட்களில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில்தான் உருகும், ஈயம் 327. பானையை 370-க்கு மேல் ஏற்றாமல் வைத்தால் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மேலே மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். ஒன்று உருகிக் கலந்துவிட்டால் முழுப் பானையும் கூழாகி அச்சை நிரப்பாது. எங்கள் ஃபவுண்டரிக்காரர்கள் துத்தநாகம் என்றால் அலறுவார்கள். மேலே மிதக்கும் கசடை மெழுகுத் துண்டு போட்டுக் கிளறி, கரண்டியால் வழித்து எடுங்கள். அந்தக் கசடில் வெள்ளீயமும் இருக்கும், மெழுகு போட்டால்தான் அது திரும்ப உலோகத்தில் இறங்கும். சாம்பல்தான் மிச்சம் வர வேண்டும்.

தண்ணீர். ஒரு துளி ஈரமான வெயிட் உருகின ஈயத்துக்குள் முங்கினால் நீராவி வெடித்துப் பானை முழுவதும் முகத்துக்கு வரும். கையுறை, முகக் கவசம், மூடின செருப்பு. புதிதாகப் போடுகிற துண்டைப் பானை விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். வெயில் நாளாக இருந்தால் முழுக்கைச் சட்டையைக் கழற்றத் தோன்றும், கழற்றாதீர்கள்.

குண்டின் வடிவத்தில் ஒரு கட்டாயம் உண்டு. லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் முட்டிக்கொண்டு நிற்கும். கூர்மூக்கு குண்டு போட்டால் அதிர்ச்சியில் அது பிரைமரைத் தட்டிவிடலாம். தட்டையான மூக்கு மட்டும் போடுங்கள். கிரிம்ப் பள்ளம் உள்ளதாக இருக்கட்டும், ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டு கேஸுக்குள் இறங்காது. நீளமும் பாருங்கள். துப்பாக்கி பற்றி எழுதிய அமெரிக்கர் எல்மர் கீத் வடிவமைத்த குண்டை ரிவால்வர்காரர்கள் கொண்டாடுவார்கள், நியாயம்தான். ஆனால் அதன் மூக்கு நீளம். மேக்னம் கேஸில் அதன் கிரிம்ப் பள்ளத்தில் பொருத்தினால் தோட்டாவின் மொத்த நீளம் 1.61 அங்குலத்தைத் தாண்டும், உங்கள் 1894-இல் ஏறாமல் சிக்கும். மூக்கு குட்டையான 240 கிரெயின் (குண்டின் எடை அலகு) அச்சு வாங்குங்கள். உங்கள் பேரலில் பள்ளம் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. 300 கிரெயின் குண்டு அதற்கு நிலைக்காமல் ஆடலாம்.

வேகம் நொடிக்கு 1400 அடிக்குள் இருந்தால் வெறும் அடிப்பாகமே போதும் என்பது என் கணிப்பு. முழு மேக்னம் வேகம் வேண்டுமென்றால் அடியில் செம்புத் தொப்பி மாட்டுகிற கேஸ் செக் அச்சு வாங்கிவிடுங்கள், வாயு அடியை அரிக்காது. மசகு, தேன்மெழுகும் அலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி. டெக்சாஸ் வெயிலில் காருக்குள் தோட்டாவை வைக்காதீர்கள், மசகு உருகி மருந்தில் இறங்கிவிடும். மருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டில் அந்தக் குண்டுக்குப் போட்டிருப்பதைப் பார்த்து, குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். அதை யார் வாயாலும் கேட்காதீர்கள், என் வாயாலும்.

சத்துவாச்சாரி டு சாக்ரமெண்டோ:

ஐயா சொன்ன அளவு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஒரு மாற்று வழி மட்டும் சேர்க்கிறேன். மசகுக்குப் பதில் பவுடர் கோட்டிங். வார்த்த குண்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் பெயின்ட் பொடியோடு போட்டுக் குலுக்கி, 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சுட வைத்தால் மெல்லிய உறை பிடிக்கும். அந்த உறையே விட்டத்தை ஆயிரத்தில் ஒன்றிரண்டு கூட்டும். .430 வார்க்கிற அச்சு வைத்திருப்பவர்களுக்கு அது லாபம். புகையும் குறைவு, கையில் பிசுபிசுப்பும் இல்லை. அந்த அடுப்பில் பிறகு சாப்பாடு எதுவும் வைக்கக் கூடாது, தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறவர்கள் கவனத்துக்கு: இங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்று காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சில் சாவதில்தான் அந்தச் சட்டம் ஆரம்பித்தது. நான் அட்டைக் குறிக்கு மட்டும் சுடுகிறேன்.

கொசப்பேட்டை அச்சுக்கூடம்:

பவுடர் கோட்டிங் நான் செய்ததில்லை, ஆனால் செய்தவர்களின் பேரலைப் பார்த்திருக்கிறேன், சுத்தமாகவே இருக்கிறது. உறை போட்டாலும் அளவு .432-க்குக் கீழே வந்துவிடக் கூடாது. அளவு தப்பினால் எந்த உறையும் காப்பாற்றாது.

பாகாயம் லேப்:

நான் வேலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, ஈயம் பற்றித் தெரியும். அண்ணா, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

ஐயா சொன்ன 370 டிகிரியில் ஈய ஆவி மிகக் குறைவு. ஆபத்து அதிகம் வருவது கை வழியாகத்தான். கசடை வழிக்கும்போது பறக்கிற சாம்பல் தூள், குண்டைத் தொட்ட விரல், அந்த விரலோடு குடித்த காபி. துப்பாக்கிப் பிரைமரிலும் ஈயச் சேர்மம் உண்டு என்று படித்திருக்கிறேன், அதனால் மூடின ரேஞ்சில் காற்றோட்டம் பாருங்கள். வார்க்கிற துணியைக் குழந்தைகள் துணியோடு துவைக்காதீர்கள். செருப்பை வாசலிலேயே விடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், சமையல் பாத்திரம் எதையும் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதை 2021 முதல் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறார்கள். அது மிகக் கொஞ்சம். வருடம் ஒருமுறை நீங்களும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

பழைய கார் பேட்டரியைப் பிளந்து அதன் தகட்டை உருக்கும் எண்ணம் இருந்தால் தயவு செய்து விட்டுவிடுங்கள். அமிலம் மட்டும் பிரச்சினை இல்லை, அதன் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய வாயுக்கள் வரலாம்.

கொசப்பேட்டை அச்சுக்கூடம்:

இந்தப் பிள்ளை சொன்னதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்துக் கோப்பவர்கள் ஈயக் கையோடு சோறு சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தவன். எங்கள் கடையில் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீக்குப் போகக் கூடாது என்பது சட்டமாக இருந்தது.

குடியாத்தத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மகள் சின்னவள், அதனால் வார்ப்பு வேலை முழுவதையும் நண்பரின் பண்ணைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். துணியும் செருப்பும் அங்கேயே இருக்கின்றன.

முடிவைச் சொல்கிறேன். பருமனான விரிப்பான் போட்டேன். வீல் வெயிட்டோடு கொஞ்சம் வெள்ளீயம், மூக்கு தட்டையான 240 கிரெயின், வெறும் அடிப்பாகம், .432 அளவு, தேன்மெழுகு அலாக்ஸ் மசகு. மருந்தில்லாத கேஸிலிருந்து உருவிப் பார்த்தால் .432 அப்படியே இருக்கிறது. மிதமான வேகத்தில் ஒரு காலை முழுக்கச் சுட்டுவிட்டு விளக்கடித்துப் பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. வாயில் மசகு நட்சத்திரம் மாதிரிப் படிந்திருக்கிறது. துணியில் சாம்பல் மட்டும் வந்தது, தகடு வரவில்லை. குறி உறைக் குண்டுக்குக் கொஞ்சம்தான் பின்னால். ரேஞ்சில் கைவிரித்த ஒருவர் இப்போது என் மைக்ரோமீட்டரைக் கடன் கேட்கிறார்.

ஐயா, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். வேலூரில் உங்களைப் பார்க்க வேண்டும். உங்களுக்காக ஒரு குண்டு அச்சும், வார்த்த குண்டு நாலைந்தும் எடுத்து வரலாமா? நீங்கள் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவீர்களே.

கம்மவான்பேட்டை ஆர்மரர்:

தம்பி, வேண்டாம். விமான நிலையத்திலேயே டிசம்பர் முடிந்துவிடும்.

கொசப்பேட்டை அச்சுக்கூடம்:

ஆசை இருக்கிறது தம்பி, ஆனால் ஆர்மரர் சொன்னதுதான் சரி. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை, அதன் பாகங்களும் அதைச் செய்கிற கருவியும் அதில் சேர்த்தி. உரிமம் இல்லாமல் செய்வதும் குற்றம், கொண்டு வருவதும் குற்றம். இங்கே யாராவது இதைப் படித்துவிட்டு வீட்டில் உருக்கலாம் என்று நினைத்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த லைசென்ஸில் எழுதியிருக்கிற தோட்டாவைக் கடையில் வாங்கலாம், அவ்வளவுதான்.

பெட்டியை மூடும் முன் காலிக் கேஸ், குண்டு, எதுவும் பையின் மூலையில் தங்கிவிடவில்லையே என்று பாருங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப் போகிற பையை ஊருக்குக் கொண்டு வராதீர்கள். படம் எடுத்து வாருங்கள், அந்த .4315 உருண்டையையும் பக்கத்தில் மைக்ரோமீட்டரையும் வைத்து. கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் எடுங்கள், பன்னிரண்டு பள்ளமும் தெரிய வேண்டும். கொசப்பேட்டைக்கு வந்து பழைய அச்சுக்கூடம் எது என்று கேட்டால் காட்டுவார்கள். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது, மாடியில் நான் இருக்கிறேன்.